சாப்பாடு முடியாத கப்பல்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கடிதம் எழுதியிருக்கிறேன், கடைச் சாமான் துண்டு எழுதியிருக்கிறேன், ஆனால் பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்னுக்குப் பின் மாறி வரும். இடங்களின் பெயர்களும் சரியாக ஞாபகத்தில் நிற்பதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் நான் மகளோடும் மருமகனோடும் இருக்கிறேன். அவர்களுக்குக் கலியாணமாகி இருபது வருடம் முடிந்ததென்று ஒரு கப்பல் பயணத்துக்குப் பதிந்தார்கள். சிட்னியில் ஏறி, வடக்குக் கரையோரமாகக் குயின்ஸ்லாந்து வரை போய், அங்கே ஒரு மணல் தீவில் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. நான்கு இரவு. சாப்பாட்டுக்கும் வைனுக்கும் என்றே வைத்த பயணம் அது. எனக்கு ஏன் அது, நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன். மகள் விடவில்லை. மெல்பேர்னில் ஸ்பிரிங்வேலில் இருக்கும் சம்பந்தியம்மாவையும், அதாவது மருமகனின் தாயையும் கூப்பிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை போட்டுவிட்டார்கள்.

சம்பந்தியம்மா என்னைவிட நான்கு வயது இளையவர். என்னை அக்கா என்பார். நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்குக் கூச்சம். "இஞ்ச பாருங்கோ" என்று தொடங்கித்தான் இருபது வருடமாகப் பேசி வருகிறேன். அவர் எதற்கும் சிரிக்கிற மனிசி. தெரியாத ஆட்களோடும் கதைப்பார். அவரோடு ஒரே அறையில் நான்கு நாள் எப்படி இருப்பேன் என்பதுதான் எனக்கு அப்போது பெரிய கவலையாக இருந்தது.

சிட்னியின் பெரிய பாலத்துக்குப் பக்கத்துக் கப்பல் துறையில், ஏறுகிற வரிசையில் நின்றோம். நேரம் மதியம் பன்னிரண்டரை இருக்கும். சம்பந்தியம்மா கைப்பையையும் போனையும் என்னிடம் தந்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். மகளும் மருமகனும் பெட்டிகளைக் கொடுக்க வேறு வரிசைக்குப் போயிருந்தார்கள். போன் அடித்தது. விடலாம் என்று பார்த்தால் நிற்கவில்லை. சுற்றி நின்ற வெள்ளைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வெட்கத்தில் எடுத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை. சம்பந்தியம்மாவின் அண்ணரின் மகள்.

"மாமியோ?"

"இல்லைப் பிள்ளை, நான் சம்பந்தி. மாமி இப்ப வந்திடுவா."

"அன்ரி, அப்பாவை நேற்று ஆஸ்பத்திரியில விட்டது. டொக்டர் கைவிரிச்சிட்டார். ஆனா நல்ல நினைவோட இருக்கிறார். தங்கச்சியோட ஒருக்காக் கதைக்க வேணும், தங்கச்சியோட கதைக்க வேணும் எண்டு விடிஞ்சதிலயிருந்து கேட்டபடி. மாமி வந்த உடன எடுக்கச் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை. சொல்லுறன்."

அவ்வளவுதான். அரை நிமிசம்கூட இருக்காது.

அந்த அண்ணரைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். தகப்பன் இல்லாத வீட்டில் சம்பந்தியம்மாவை வளர்த்துக் கரை சேர்த்தவர். எண்பது வயது தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் போனில் கதைப்பார்கள். அதிலும் பாதி சாப்பாட்டுக் கதைதான். அவர் அப்படி ஒரு சாப்பாட்டுப் பிரியர்.

சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டு வந்தார். பயணத்துக்கென்று வாங்கிய வெயில் தொப்பி தலையில்.

"எப்பிடி அக்கா? வெள்ளைக்காரி மாதிரி இருக்கிறனோ?"

வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பயணம் வெளிக்கிட்டு நிற்கிற ஆளிடம் கெட்ட செய்தி சொல்ல மாட்டோம். பசியோடு இருக்கிறவரிடமும் சொல்ல மாட்டோம். சொன்னால் பிறகு அவர் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார். முதலில் நாலு வாய் சாப்பிடட்டும், பிறகு ஆறுதலாக இருத்திச் சொல்லலாம் என்போம். என் தாய் இறந்த செய்தியையும் எனக்கு அப்படித்தான், சோறு தந்து சாப்பிட வைத்துவிட்டுச் சொன்னார்கள். அது அன்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். சம்பந்தியம்மா காலையில் ஒரு தேத்தண்ணீர் மட்டும் குடித்தவர்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சொன்னால் பயணம் குழம்பிவிடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. மகள் ஆறு மாதமாக ஆசைப்பட்ட பயணம் அது. என் வாயால் அது கெட வேண்டாம் என்று நினைத்தேன்.

அதற்குள் மருமகன் வந்தார். "அம்மா, மாமி, வாங்கோ, லைன் போகுது" என்றார். போய் ஏறிவிட்டோம். ஏறிய உடனேயே இரண்டு பேருடைய போன்களையும் வாங்கி எதையோ அமத்தினார். "கடலுக்குள்ள போன் தானாப் பிடிச்சால் பெரிய பில் வரும். நான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன். படம் மட்டும் எடுங்கோ" என்று திருப்பித் தந்தார். இனி அந்தப் பிள்ளை எடுத்தாலும் பிடிக்காது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடுவேன் என்று தவணை வைத்தேன். மேல்தட்டில் சாப்பாடு பரப்பி வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மா ஒவ்வொரு தட்டையும் போனில் படம் எடுத்தார்.

"அண்ணாவுக்குக் காட்ட வேணும். பாத்து வாயூறட்டும்."

அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வாய் வைத்தார். "இஞ்ச பாருங்கோ" என்று தொடங்கினேன். பரிசாரகர் இனிப்பைக் கொண்டுவந்து வைத்தார். சரி, இனிப்புச் சாப்பிடட்டும் என்று இருந்தேன். இனிப்பு முடிய, கப்பல் வெளிக்கிடப் போகிறது, பார்க்க வாருங்கள் என்று மகள் வந்து இழுத்துக்கொண்டு போனாள். அங்கேயும் தட்டுகளில் சீஸும் பிஸ்கட்டும் கொண்டு திரிந்தார்கள். பிறகு இராச்சாப்பாடு.

அந்தக் கப்பலில் சாப்பிட்ட பிறகு என்று ஒரு நேரமே இல்லை. ஒன்று முடியுமுன் மற்றது வந்துவிடும். காலைச் சாப்பாடு, பிறகு சமையல் செய்து காட்டுவது, அதில் சாப்பிடத் தருவது, மத்தியானம், பின்னேரத் தேநீரோடு கேக்கு, இரவு ஐந்து தட்டு. மேசையை விட்டு எழும்பும்போதே அடுத்த மேசை தயாராக இருக்கும். நான் ஒரு தவணையிலிருந்து இன்னொரு தவணைக்குத் தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ளச் சொல்வது கடினமாகிக்கொண்டு வந்தது. ஒரு மணித்தியாலம் பிந்தினால் மன்னிப்பார்கள். அரை நாள் பிந்தியதற்கு என்ன சொல்வேன்?

அடுத்த நாள் முழுவதும் கரையோரமாகவே கப்பல் போனது. இடது பக்கம் கரை தெரிந்துகொண்டே வந்தது. பச்சை மலைகள், வெள்ளை மணல், ஒரு முனையில் வெள்ளை வெளிச்சவீடு. தாய்த் திமிங்கிலமும் குட்டியும் போகிறதென்று எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நானும் போய் நின்றேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. எனக்கு இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. கப்பலின் மேல்தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். லிப்டில் ஏறி மேலே போனேன், கீழே வந்தேன். அறைக்குப் போய்ச் சம்பந்தியம்மாவின் சீலையை மடித்து வைத்தேன். திரும்பவும் விரித்து மடித்தேன்.

மகளிடமாவது சொல்லலாம் என்று போனேன். அவள் மருமகனின் தோளில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் அவள் அப்படிச் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

"அக்காவுக்குக் கடல் ஒத்துவரேல்லைப் போல" என்று சம்பந்தியம்மா எனக்கு இஞ்சித் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து தந்தார். "ஒண்டும் சாப்பிடுறியளும் இல்லை. காசு குடுத்தது என்ர பெடியன், பட்டினி கிடக்கிறது நீங்கள்" என்று பகிடி பண்ணினார். வாங்கிக் குடித்தேன்.

அன்று பின்னேரம் மூன்றரை, நான்கு மணி இருக்கும். வைன் ருசி பார்க்கும் மண்டபத்துக்குப் போனோம். ஒவ்வொருவருக்கும் முன்னால் நான்கு சின்னக் கிளாஸ். கறுப்பு மேற்சட்டை போட்ட ஒருவர் எந்தத் தோட்டம், எந்தப் பழம் என்று விளக்கம் சொன்னார். மருமகன் எங்களுக்குத் தமிழில் சொன்னார். நான் தொடவில்லை. சம்பந்தியம்மா மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்து, ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இது எங்கட இருமல் மருந்தெல்லோ."

பக்கத்து மேசைக்காரரும், என்னவென்று விளங்காமலே, அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் இரண்டாவது மிடறும் குடித்தார். பிறகு போனைத் தூக்கி மேசையை வீடியோ எடுத்துக்கொண்டே கதைக்கத் தொடங்கினார்.

"அண்ணா, இஞ்ச பார். இதுதான் வைன். உன்ர தங்கச்சி குடிகாரியாப் போனாள். இது சீஸ், நாறுது, ஆனா ருசி. இது அத்திப்பழம், நீ ஒருக்காப் பருத்தித்துறையில வாங்கித் தந்தனியே, அந்த மாதிரி இல்லை. கரைக்குப் போன உடன அனுப்புறன், பாத்திட்டு எடு அண்ணா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழும்பிவிட்டேன்.

"இஞ்ச பாருங்கோ."

"என்ன அக்கா? உங்களுக்கும் ஒரு மிடறு ஊத்தச் சொல்லட்டோ?"

"அண்ணாவுக்குக் கடும் சுகயீனம். ஆஸ்பத்திரியில. உங்களோட கதைக்க வேணுமாம்."

அவர் கையில் போன் வீடியோ எடுத்தபடியே இருந்தது. "ஆர் சொன்னது?" என்றார்.

"மகள். உங்கட போனுக்கு எடுத்தவள்."

"எப்ப?"

"நேற்று. கப்பல் ஏற முதல். நீங்கள் கழிவறைக்குப் போன நேரம்."

மருமகனும் மகளும் என்னைத்தான் பார்த்தார்கள். "மாமி, என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே" என்றார் மருமகன். "அம்மா, உங்களுக்கு என்ன விசரோ?" என்றாள் மகள். சம்பந்தியம்மா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். வாயைத் துணியால் துடைத்தார்.

"நான் சாப்பிடட்டும் எண்டு இருந்தனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவர் வீடியோவை நிறுத்தினார். எழும்பி நடந்தார். மருமகன் முன்னால் ஓடினார். கப்பல் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இணைய வசதி வாங்கிப் போனில் போட்டுத் தந்தார்கள். அங்கே நின்ற பெண் நிலைமையைக் கேட்டுவிட்டுத் தன்னுடைய கதிரையையே எடுத்துவந்து சம்பந்தியம்மாவை இருத்தினாள். மூன்று தரம் அடித்துக் கட்டானது. நான்காம் தரம் பிடித்தது.

அண்ணரின் மகள்தான் எடுத்தாள். போன் சத்தமாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"மாமி, ஏன் எடுக்கேல்லை? மாமி எடுக்கிறா, மாமி எடுக்கிறா எண்டு நாங்களும் சொல்லிச் சொல்லி வைச்சிருந்தம். நேற்றுப் பொழுதுபடும் வரைக்கும் போனைத் தலையணைக்குப் பக்கத்தில வைச்சுக்கொண்டு கிடந்தவர். அதுக்குப் பிறகு கதை நிண்டுபோச்சு. கண்ணும் துறக்கேல்லை."

நான் சொன்ன 'சொல்லுறன்' என்ற ஒரு சொல்லை அவர்கள் நம்பியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் அவருக்கும் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இது எனக்கு அந்த நிமிசம்தான் உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது மட்டுமில்லை, அங்கே ஒரு மனிதரைக் காத்திருக்கவும் வைத்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா அழுவார், என்னை ஏசுவார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் ஏசவில்லை. "காதில வை பிள்ளை" என்றார். "வைச்சிட்டன் மாமி" என்று சத்தம் வந்தது. பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிற அதே குரலில் தொடங்கினார்.

"அண்ணா, நான்தான். கப்பல்ல நிக்கிறன். நேற்று மத்தியானம் இறால் தந்தவங்கள், உரிச்சு, ஐஸுக்கு மேல வைச்சு. உறைப்பு இல்லை. நீ எண்டால் மிளகாய்த்தூள் கேட்டிருப்பாய். இரவு ஆட்டிறைச்சி. எலும்போட. கத்தியால வெட்டத் தெரியாமல் கையால திண்டனான், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. காலமை முட்டையில ஏதோ மஞ்சள் குழம்பு ஊத்தித் தந்தவங்கள், பேர் தெரியாது. இப்ப வைன் குடிச்சிட்டு வாறன் அண்ணா. ரெண்டு மிடறுதான். ஊரில ஒருத்தருக்கும் சொல்லாதை."

இப்படி இரண்டு நாளும் சாப்பிட்டதை ஒன்றும் விடாமல் சொன்னார். இடையிடையே நிறுத்துவார், அந்தப் பக்கம் யாரோ பதில் சொல்வது போல. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கந்தோரில் நின்ற பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். மருமகன் நிலத்தில் குந்திவிட்டார்.

அடுத்த நாள் காலை, மணல் தீவுக்கு முன்னால் கப்பல் நின்றபோது செய்தி வந்தது. தோளில் பை மாட்டிக்கொண்டு ஆட்கள் சின்னப் படகுகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா தலை முழுகிவிட்டு வந்து கட்டிலில் இருந்தார். நான் முன்னால் இருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் யாருக்கும் சொன்னதில்லை, அது எப்படி வாயில் வரும்? அவர் தலையைத் துவட்டுகிற துவாயை வாங்கி நானே துவட்டிவிட்டேன். அவர் விட்டார்.

பிறகு சொன்னார். "முந்தாநாள் சொல்லியிருந்தால் அவர் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார், அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். "ஓம்" என்றேன். அதன் பிறகு இன்று வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திரும்பி வந்த இரண்டு நாளும் நாங்கள் இருவரும் அறையிலேயே இருந்தோம். மகள் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவந்து தந்தாள். சம்பந்தியம்மா தன் தட்டில் இருந்த பாண் துண்டைப் பிய்த்து எனக்கும் தந்தார். இருவரும் தின்றோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஸ்பிரிங்வேலிலிருந்து எனக்குப் போன் எடுக்கிறார். அண்ணரோடு கதைத்த அதே நேரத்துக்கு. எடுத்ததும், "பயப்பிடாதேங்கோ அக்கா, கெட்ட செய்தி ஒண்டும் இல்லை" என்றுதான் தொடங்குவார். பகிடிக்குச் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அவர் எடுக்கிறார், அதுவே பெரிய காரியம்.

நான் மாறிவிட்டேன். யாருக்காவது ஒரு செய்தி என் காதுக்கு வந்தால், அவர் படியில் நின்றாலும், கையில் சோறு இருந்தாலும், சொல்லிவிடுகிறேன். போன மாதம் அப்படித்தான் ஒரு செய்தியைச் சொல்ல, மகள் சாப்பாட்டு மேசையிலேயே அழுதாள். அழுதுவிட்டு உடனே போன் எடுத்துக் கதைத்தாள். அந்தப் பக்கத்தில் குரல் கேட்டது. எனக்கு அது போதும்.

ஒரு உதவி வேண்டும். துறையில் போன் வந்தபோது இங்கே மதியம் பன்னிரண்டரை. அண்ணருக்குக் கதை நின்றது அங்கே பொழுதுபட்ட பிறகு. இரண்டு இடத்துக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம் என்கிறாள் மகள். அது கோடைக்கு மணிக்கூட்டை மாற்றிய காலம், ஐந்தரை என்கிறார் மருமகன். நான் இரண்டு விதமாகவும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். எப்படி எண்ணினாலும், கப்பல் வெளிக்கிடும்போதும் அவர் முழித்திருக்கிறார், நாங்கள் இராச்சாப்பாடு முடித்து எழும்பும்போதும் முழித்திருக்கிறார். நான் கணக்குப் படித்தவள் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். என் எண்ணிக்கை பிழை என்று வந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.